பழைய கம்ப்யூட்டரில் எதை எடுக்கலாம், எதை விடலாம்?



போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி பெரிய இடி விழுந்தது. மறுநாள் காலை எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டிவி இல்லை, ஒரு வீட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் இல்லை. பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் போய்விட்டது. அது தறி வைத்திருக்கும் குடும்பம். மூத்தவர் அதில்தான் கூலிக் கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் போடுவார். அவர் தங்கை பி.காம். முதலாண்டு. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்க. பத்து வருஷப் பழசு. மொத்தமா புது செட் எடுத்துக்கங்க" என்று ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். அந்த மாதம் பாவு எடுக்க வைத்திருந்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

அன்று மாலை அவர்கள் அத்தா அந்தச் சீட்டோடு என்னிடம் வந்தார். "தம்பி, மானிட்டர் நேத்து வரைக்கும் நல்லாத்தானே எரிஞ்சுது? அதையும் சேத்து ஏன் மாத்தச் சொல்றாங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கம்ப்யூட்டர் என்பது ஒரே பொருள் அல்ல; ஏழெட்டுப் பொருள்களைக் கம்பியால் இணைத்து வைத்தது. ஒன்று போனால் எல்லாம் போனதாகாது. அதேசமயம், எல்லாவற்றையும் காப்பாற்றுகிறேன் என்று போய், ஆயிரம் ரூபாய்ப் பழைய பாகம் ஒன்று பத்தாயிரம் ரூபாய்ப் புதுப் பாகத்தை எரித்துவிட்ட கதையும் உண்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில், நிஜமாகவே போய்விட்டதா?

பெட்டியை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று சத்தம் வருகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பல வீடுகளில் "போர்டு போச்சு" என்று முடிவு கட்டும் இந்த நிலைமை பெரும்பாலும் ரேம் கோளாறுதான். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். பற்களில் படிந்த கறை போய்த் தொடர்பு கிடைத்தாலே உயிர் வந்துவிடுவது உண்டு. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று, தினமும் தேதி பழைய வருடத்துக்குப் போய் நிற்பது. போர்டில் கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணய அகலத்தில் ஒரு பேட்டரி இருக்கும். அதன் மேல் சிஆர்2032 என்று எழுதியிருக்கும். கடிகாரக் கடையிலும் கிடைக்கும் 3 வோல்ட் பேட்டரிதான் அது. அதை மாற்றினால் போதும்.

மூன்றாவது நம் ஊருக்கே உரிய கோளாறு. தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் தூசி எங்கும் பறக்கும். அது பிராசஸர் மேலுள்ள ஃபேனுக்கு அடியில் மெத்தை போலப் படிந்துவிடும். காற்று போகாமல் சூடேறி, பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். ஒரு தறி வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது ஃபேனைச் சுற்றி ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு இருந்தது என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை. வாசலில் வைத்து புளோயரால் ஊதினால் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.

இவற்றில் எதுவும் பலன் தராமல், வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்தும் உயிர் வரவில்லை என்றால்தான் போர்டு போனதாக அர்த்தம். பக்கத்து வீட்டில் அப்படித்தான். எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் சேர்ந்தே போயிருந்தன.

கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம் என்பவர்கள் புதிது வாங்குமுன் ஒன்றை யோசியுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி அளவுக்குப் படிக்கும். விண்டோஸை எஸ்எஸ்டியில் ஏற்றி, 4 ஜிபி ரேமை 8 ஆக்கினால், பத்து வருடப் பழைய ஐ3 கூட கல்லூரி வேலைக்கும் பில் போடவும் தாராளமாகப் போதும். அந்த எஸ்எஸ்டியைப் பிறகு புதுக் கம்ப்யூட்டருக்கும் மாற்றிக்கொள்ளலாம், செலவு வீணாகாது.

எதை எடுக்கலாம்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் இவற்றில் யோசிக்கவே தேவையில்லை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ சாக்கெட் மட்டும் இருக்கும். புது போர்டு வாங்கும்போது அதிலும் விஜிஏ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். குறைந்த விலை போர்டுகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. இல்லையென்றாலும் எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் சின்ன கன்வர்ட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும். அதற்காக மானிட்டரை மாற்றத் தேவையில்லை.

கேபினெட்டும் அப்படியே. 1995ல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. போர்டில் ஸ்குரூ ஓட்டைகள் எங்கே இருக்க வேண்டும், எஸ்எம்பிஎஸ் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த முறை இன்றுவரை மாறவில்லை. அதனால் 2010ல் வாங்கிய தகரப் பெட்டியில் இந்த வருடப் போர்டு உட்காரும். பொருத்தும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். போர்டுக்கு அடியில் பித்தளை முட்டுகள் இருக்கும். புது போர்டின் ஓட்டைக்கு நேராக இல்லாத முட்டு எதுவும் இருந்தால் கழற்றிவிடுங்கள். அது போர்டின் அடியில் பட்டு ஷார்ட் ஆகும். அடுத்து, புது போர்டோடு வரும் பின்பக்கத் தகட்டை முதலில் மாட்டுங்கள். போர்டை முழுக்க முறுக்கிய பிறகுதான் மேஜை மேல் கிடக்கும் அந்தத் தகட்டைப் பார்ப்போம். இது எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும்.

டெல், எச்பி, லெனோவா கம்பெனிகள் அலுவலகங்களுக்குத் தரும் ஒல்லியான பெட்டிகள் மட்டும் இந்த முறைக்கு வெளியே. அவற்றின் எஸ்எம்பிஎஸ், போர்டு, கரண்ட் பிளக் எல்லாம் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். செகண்ட் ஹாண்ட் மார்க்கெட்டில் இவை மலிவாகக் கிடைக்கின்றன. முழுசாக ஓடுகிறவரை நல்ல சரக்குதான். ஆனால் பின்னாளில் அதன் பெட்டியில் வேறு போர்டு போடலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் பேட்டரிதான் போயிருக்கும். 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்றை மாற்றினால் வேலை செய்யும்.

ரேம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். டிடிஆர்3 ரேமில் 240 பற்கள், டிடிஆர்4ல் 288. டிடிஆர்5லும் 288தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். வோல்டேஜும் வேறு வேறு: 1.5, 1.2, 1.1. ஒன்றின் சாக்கெட்டில் மற்றது போகவே போகாது, அழுத்தினால் உடையும். 2015க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் அநேகமாக டிடிஆர்3 அல்லது அதற்கும் முந்தையது. அதைப் புது போர்டில் பயன்படுத்த வழியில்லை. டிடிஆர்4 என்றால் வழி இருக்கிறது. எச்610 வகைப் போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு விதமாகவும் விற்கின்றன. உங்களிடம் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இருந்தால் டிடிஆர்4 போர்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு ரேம் குவியலாகப் போவதால் 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிவிட்டது. இப்போது பழைய டிடிஆர்4 ரேமைத் தூக்கிப் போடுகிறவர் நல்ல காசைத் தூக்கிப் போடுகிறார்.

பழைய பிராசஸர் புது போர்டில் உட்காராது, சாக்கெட் மாறிவிட்டது. பழைய பிராசஸர், பழைய ரேம் இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, அதே சாக்கெட் உள்ள பழைய போர்டைத் தேடுவது. நான்காம் தலைமுறை ஐ3க்கு எச்81 போர்டு சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், சேலத்தில் விசாரித்தாலும் அகப்படலாம். பிள்ளைகள் படிக்க, டைப் செய்ய என்றால் அது போதும். கணக்கு வழக்கு எல்லாம் அதில்தான் என்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பெரும்பாலும் யாரோ ஐந்தாறு வருடம் ஓட்டி முடித்த போர்டு அது. மார்ச் மாதக் கடைசியில்தான் அது காலை வாரும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள்

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ். பழையது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அதையே போடலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருடத்துக்கு வருடம் காய்ந்துகொண்டே வரும். நம் பக்கம் தறிகள் ஒன்றாக ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வோல்டேஜ் ஏறி இறங்குவதை டியூப் லைட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அத்தனையையும் தாங்கித் தேய்ந்த பாகம் அது. போகும்போது சும்மா நின்றுபோனால் பரவாயில்லை. சில நேரம் அதிக வோல்டேஜைப் போர்டுக்கு அனுப்பிவிட்டுப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்கள் 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் பலம் வைத்துச் செய்யப்பட்டவை. இன்றைய பிராசஸர் தன் கரண்டை எல்லாம் 12 வோல்ட் பக்கத்திலிருந்துதான் இழுக்கும். ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் 12 வோல்ட் பக்கம் அதில் பாதி கூட வராதவை உண்டு. பெயர் தெரிந்த கம்பெனியின், 80 பிளஸ் முத்திரை உள்ள 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். விலை சில ஆயிரம் வரும், கை கொஞ்சம் கூசத்தான் செய்யும். மற்ற பாகங்கள் எல்லாவற்றுக்கும் அது காவல்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் பிள்ளைகள் திறந்து பார்க்க விடாதீர்கள். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்: பொருளைவிடப் பெரியது உள்ளே இருப்பது

மற்ற பாகங்களைக் கடையில் வாங்கிவிடலாம். கல்யாண வீடியோ, இறந்துபோன பெரியவர்களின் குரல், பத்து வருடக் கணக்கு, ஆதார் நகல், நிலப் பத்திர ஸ்கேன் இவற்றை வாங்க முடியாது. அதனால் போர்டு போனதும் முதல் வேலை டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வது. டிஸ்க்கோடு பெட்டியைக் கடையில் பல நாள் விட்டு வைக்க வேண்டியதில்லை. அதில் நம் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.

என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்குப் புது போர்டும் எஸ்எஸ்டியும் வாங்கி, நானே மாட்டினேன். பழைய டிஸ்க்கையும் பக்கத்திலேயே செருகிவிட்டு விண்டோஸ் ஏற்றத் தொடங்கினேன். எதில் ஏற்றுவது என்று கேட்கும் திரையில் டிரைவ் 0, டிரைவ் 1 என்று இரண்டு வரிசையாக வரும். அவசரத்தில் தவறான வரியை ஃபார்மேட் செய்துவிட்டேன். அத்தாவின் ஹஜ் படங்கள் அதில் இருந்தன. அவர் மவுத்தாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரெக்கவரி செய்து கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. பல படங்கள் பாதி சாம்பல் நிறமாகத்தான் வந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றி முடியும்வரை பழைய டிஸ்க்கின் கேபிளைச் செருகவே செருகாதீர்கள். கடையில் செய்தாலும் இதைச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். ஏற்றி முடித்து, கம்ப்யூட்டரை அணைத்த பிறகு, பழையதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டினால் பழைய சி, டி எல்லாம் வேறு எழுத்துகளில் தெரியும். 'அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி வந்தால் தொடரச் சொல்லி அழுத்துங்கள், கொஞ்ச நேரத்தில் திறக்கும். பழைய டிஸ்க்கில் உள்ள விண்டோஸிலேயே புது போர்டை ஓட்டலாம் என்று முயலாதீர்கள், கிளம்பாமல் போகலாம்.

பழைய கம்ப்யூட்டர் சமீபத்தில் வாங்கிய விண்டோஸ் 11 என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்த மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. அதில் நீல நிறம் வந்தால் டிஸ்க்கை இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் வந்தால் அன்றே எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் மிச்சத்தையும் அழிக்கும். நல்ல டிஸ்க் என்றாலும் ஒரே நகலாக எதையும் அதில் வைக்காதீர்கள்.

பல வீடுகளில் பீரோவுக்குள் அரசு தந்த இலவச லேப்டாப் ஒன்று உயிரில்லாமல் கிடக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. அன்று பிளஸ் டூ படித்தவர்களின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். அதற்குள் இருக்கும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கும் சாட்டாதான். டெஸ்க்டாப்பின் அதே கேபிள் அப்படியே பொருந்தும். யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டால் பென் டிரைவ் போலவும் பயன்படுத்தலாம். அதன் ரேம் மட்டும் டெஸ்க்டாப்புக்கு ஆகாது, அளவு பாதிதான் இருக்கும்.

விண்டோஸ் விஷயம்

கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த போர்டுக்கு மட்டுமே உரியது. போர்டோடு அதுவும் போய்விடும். தனியாகக் கடையில் வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிப்பில் சேர்ந்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் வேண்டும்.

"கிராக் போட்டுத் தர்றேன்" என்று சொல்லுவார்கள். அது ஹலாலா என்று கேட்கவேண்டிய கேள்வி ஒரு பக்கம். வங்கிக் கணக்கைத் திறக்கிற மெஷினில் யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த மென்பொருளை ஏற்றுவது புத்தியா என்பது இன்னொரு பக்கம். படிப்புக்கு மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் இலவசம், பழைய பெட்டியிலும் லேசாக ஓடும், லிப்ரே ஆபீஸில் தமிழும் டைப் செய்யலாம். டாலி போடுகிறவர்கள் விண்டோஸிலேயே இருக்க வேண்டும். லினக்ஸில் டாலி நேரடியாக ஓடாது.

மிச்சப் பாகங்களை என்ன செய்வது

ஓடுகிற பாகத்தை விற்கலாம், குறையைச் சொல்லிவிட்டு. நம் டிரஸ்ட்டுக்குத் தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஓடாததைத் தருவதாக இருந்தால் ஓடாது என்று ஒரு சீட்டு ஒட்டித் தாருங்கள். போன முறை வந்த மூன்று பெட்டிகளில் எது எரியும், எது எரியாது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வெள்ளிக்கிழமை மாலை போனது.

டிஸ்க்கைக் கொடுக்குமுன் டெலீட் செய்தால் போதாது. எடுக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். விண்டோஸில் ஃபார்மேட் கொடுக்கும்போது குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகும், ஆனால் ஒவ்வொரு இடத்தின் மேலும் பூஜ்யம் எழுதப்படும். ஓடாத டிஸ்க் என்றால் ஸ்குரூவைக் கழற்றி உள்ளே இருக்கும் தட்டைச் சிதைத்துவிடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. துணியில் சுற்றி உடைக்க வேண்டும்.

போர்டையும் ஒயரையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் சில இடங்களில் செம்புக்காக எரிக்கிறார்கள். அந்தப் புகையில் ஈயம் முதலான நச்சுகள் உண்டு. 2022ல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது, அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகள் நடப்பில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்ப ஒரு வீட்டுச் சரக்கு போதாது. நாலைந்து வீட்டில் சேர்த்து வைத்து, சேலம் போகிற வண்டியில் ஏற்றிவிடலாம்.

பக்கத்து வீட்டுக்குக் கடைசியில் வாங்கியது போர்டு, பிராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், விண்டோஸ். கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், டிஸ்க் எல்லாம் பழையவை. கடைச் சீட்டில் இருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். யுபிஎஸ் பேட்டரியும், ஒரு சர்ஜ் புரொடெக்டரும் அதிலேயே வந்தன. பழைய டிஸ்க்கில் மஞ்சள் காட்டியது. அந்த வீட்டுத் தங்கை ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து கணக்கையும் படங்களையும் நகல் எடுத்து முடித்துவிட்டு, டிஸ்க்கின் மேல் மார்க்கரால் தேதியும் "நம்பக் கூடாது" என்றும் எழுதி பீரோவில் வைத்தாள்.